ஆடியபடி நினைவுகூர்ந்த தீவு: ரெகேற்றோன் இசையும் அதன் மக்களும்

1995ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானில் பொலிஸார் ஆறு இசைக் கடைகளைச் சுற்றிவளைத்தார்கள். அவர்கள் தேடி வந்தது கசெற்றுகளை. வீடுகளில் பதிவுசெய்யப்பட்டு, கைக்குக் கை மாறி, வறிய இளைஞர்களிடையே பரவிக்கொண்டிருந்த பாடல்கள் அவற்றில் இருந்தன. ஆபாசத்தையும் வன்முறையையும் பரப்புகின்றன என்று கூறி நூற்றுக்கணக்கான கசெற்றுகளையும் இறுவட்டுகளையும் அள்ளிச் சென்றார்கள்.

அந்த இசைக்கு அப்போது நிலையான பெயர்கூட இல்லை. 'அண்டர்கிரவுண்ட்' என்றே பலரும் அழைத்தார்கள். பின்னர் ரெகேற்றோன் என்ற பெயர் நிலைத்தது. 2004இல் டாடி யாங்கியின் 'காசொலினா' அதைத் தீவுக்கு வெளியே கொண்டுபோனது. 2017இல் லுயிஸ் பொன்சியும் டாடி யாங்கியும் பாடிய 'டெஸ்பசீட்டோ' ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர்களின் கைதொலைபேசிகளிலும் ஒலித்தது.

நான் இசைத்துறை சார்ந்தவன் அல்லன். ஸ்பானிய மொழியும் எனக்குத் தெரியாது; பாடல்களின் பொருளை மொழிபெயர்ப்புகளின் வழியாகவே அறிந்துகொள்கிறேன். இருந்தும், ஒரு கேள்வி என்னை இந்த இசையின் பக்கம் நீண்டகாலமாக இழுத்து வைத்திருக்கிறது. இறந்தவர்களை எண்ணி முடிக்காத ஒரு சமூகம் ஆடலாமா? "இவ்வளவு இழப்புக்குப் பிறகும் பாட்டும் கூத்துமா?" என்று கேட்பவர்கள் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. அந்தக் கேள்வி வேதனையிலிருந்து வருகிறது என்பதையும் நான் அறிவேன். புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் தமது வாழ்வால் அதற்கு ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். அதை விளங்கிக்கொள்ள, முதலில் இந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

கால்வாய் வெட்டப் போனவர்கள்

ரெகேற்றோனின் அடித்தாளத்தை 'டெம்போ' என்பார்கள். அது எளிமையானது. எட்டு எண்ணிக்கைகளை எடுத்துக்கொண்டு 1, 4, 7 ஆகிய இடங்களில் அழுத்தம் கொடுங்கள். சொற்கட்டாகச் சொன்னால் 'தகிட தகிட தக'. மூன்று, மூன்று, இரண்டு. இதைச் சீராக விழும் ஒரு கனத்த முரசொலியின் மேல் திரும்பத் திரும்ப வைத்தால், கேட்பவரின் உடல் தானாக அசையும்.

இந்தத் தாளத்துக்குப் பெயர் தந்தது ஜமெய்க்காவின் ஷபா ராங்ஸ் 1990களின் தொடக்கத்தில் பாடிய 'டெம் போ' என்ற பாடல். ஆனால், ஜமெய்க்காவின் இசை ஸ்பானிய மொழிக்குள் வந்த பாதை அதைவிடப் பழையது. அது பனாமாக் கால்வாயின் வழியாக வந்தது.

கால்வாய் வேலையை அமெரிக்கா 1904இல் பொறுப்பேற்று 1914இல் நிறைவுசெய்தது. அங்கே மண் வெட்டியவர்களில் பெரும்பாலோர் பார்படோஸ், ஜமெய்க்கா போன்ற தீவுகளிலிருந்து கப்பலேறி வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்க நாணயத்தில் சம்பளம். இவர்களுக்கு வெள்ளி நாணயத்தில். குடியிருப்பு, பாடசாலை, உணவகம் எல்லாமே 'தங்கம்', 'வெள்ளி' என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தன. வேலை முடிந்த பின்னரும் பலர் அங்கேயே தங்கினார்கள். 1941இல் பனாமாவின் புதிய அரசியலமைப்பு, ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிராத கறுப்பினக் குடியேறிகளையும் அவர்களது பிள்ளைகளையும் குடியுரிமையிலிருந்து விலக்கியது. அந்த ஏற்பாடு சில ஆண்டுகளிலேயே நீக்கப்பட்டாலும் வடு மறையவில்லை.

அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள்தான் ஜமெய்க்காவின் ரெகே இசையை ஸ்பானிய மொழியில் பாடத் தொடங்கினார்கள். எல் ஹெனரல் என்று அறியப்பட்ட பனாமாக் கலைஞர் அவர்களில் முக்கியமானவர். பனாமாவிலிருந்து அந்த இசை நியூயோர்க் சென்றது. அங்கே ஜமெய்க்கர்களும் பனாமியர்களும் புவேர்ட்டோ ரிக்கர்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தார்கள். அங்கிருந்து சான் ஹுவானின் வறிய குடியிருப்புகளுக்குக் கசெற்றுகளாக வந்து சேர்ந்தது. ஆகவே, ரெகேற்றோனை ஒரே ஒரு நாட்டின் சொத்து என்று யாராலும் உரிமை கோர முடியாது. கூலிக்காகக் கடல் கடந்தவர்கள் கைவிடாமல் சுமந்துவந்த பொருள் அது.

இந்த வரலாற்றின் ஓர் ஓரம் இலங்கையையும் தொடுகிறது. ரெகேற்றோன் பாடல்களில் அடிக்கடி கேட்கும் 'பைலா' என்ற சொல்லுக்கு 'ஆடு' என்று பொருள். போர்த்துக்கேய மொழியிலும் உள்ள அதே வேர்ச்சொல்தான் எமது பைலாவுக்கும் பெயர் தந்தது. ஐரோப்பியரால் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழிவந்தவர்களும் பறங்கியரும் காத்துவைத்த தாளம் அது. பைலாவின் தாளக்கட்டு வேறு. என்றாலும், இரண்டு தாளங்களும் ஆபிரிக்க மக்களைக் கடல் கடத்திய அதே காலனிய வரலாற்றின் பிள்ளைகள்.

இரும்புக்கரம்

புவேர்ட்டோ ரிக்கோ பரப்பளவில் ஏறத்தாழ எமது வட மாகாணத்தின் அளவே. 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா அதைக் கைப்பற்றியது. 1917இலிருந்து அங்கு பிறப்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால், தீவில் வசிக்கும் வரை அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. 1948இல் கொண்டுவரப்பட்ட 'வாய்ப்பூட்டுச் சட்டம்' தீவின் சொந்தக் கொடியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 1957வரை அது நடைமுறையில் இருந்தது.

1993இல் ஆளுநராகப் பதவியேற்ற பெட்ரோ ரொசேயோ, குற்றங்களை ஒழிப்பதற்கு 'இரும்புக்கரம்' என்ற திட்டத்தை அறிவித்தார். பொலிஸாரும் தேசிய காவற்படையினரும் வறியவர்கள் வாழும் அரச தொடர்மாடிக் குடியிருப்புகளுக்குள் இறக்கப்பட்டார்கள். சுற்றிவர வேலிகள் எழுந்தன. வாசல்களில் காவலரண்கள் முளைத்தன. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் சோதனை.

அந்தத் தொடர்மாடிகளில்தான் ரெகேற்றோன் வளர்ந்தது. டாடி யாங்கி அப்படியொரு குடியிருப்பான வியா கென்னடியில் வளர்ந்தவர். பதின்ம வயதில் துப்பாக்கிச்சூடு ஒன்றில் அகப்பட்டுக் காலில் காயமடைந்தார்; பேஸ்போல் வீரராகும் கனவு அத்துடன் முடிந்தது. இத்தகைய இளைஞர்கள் தாம் கண்டதைப் பாடினார்கள்: பொலிஸ், துப்பாக்கி, போதைப்பொருள், காமம், பசி. அரசு கண்டது அவற்றைப் பாடிய வாய்களை மட்டுமே. 1995இன் கடைச் சோதனைகள் இந்தப் பின்னணியில் நடந்தவை. 2002இல் செனட் சபையும் இந்த இசையை விசாரணைக்கு எடுத்தது. பெண் தன் முதுகை ஆணின் பக்கம் திருப்பி, இடுப்பை அசைத்து ஆடும் 'பெர்ரேயோ' என்ற நடனம் அப்போது பெரும் சர்ச்சையானது. அந்தப் பெயரே நாயைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது.

அறுபத்து நான்கு

2017ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி மரியா சூறாவளி புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. தீவு முழுவதும் மின்சாரம் இல்லாமல் போனது. கடைசி வீடுகளுக்கு அது திரும்பி வர ஏறத்தாழ 11 மாதங்கள் சென்றன. ஒட்சிசன் இயந்திரத்தில் தங்கியிருந்தவர்கள், இரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்பட்டவர்கள், வீதி உடைந்ததால் மருத்துவமனைக்குப் போக முடியாத மலைக்கிராமத்து முதியவர்கள் என்று சாவு புயலுக்குப் பின்னரும் மாதக்கணக்கில் தொடர்ந்தது.

அரசாங்கம் சொன்ன கணக்கு 64.

தம் வீட்டில் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் அந்த எண்ணில் அவர் இல்லை என்பதை அறிந்திருந்தார்கள். தீவின் சுயாதீன ஊடக நிறுவனமான புலனாய்வு இதழியல் மையம் மரணப் பதிவுகளைக் கேட்டு நீதிமன்றம் சென்றது. 2018 மே மாதம் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4,645 என்ற மதிப்பீட்டை வெளியிட்டார்கள். அடுத்த சில நாட்களில் மக்கள் சான் ஹுவானின் சட்டமன்றக் கட்டடத்தின் முன் சப்பாத்துகளைக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினார்கள். குழந்தைகளின் சிறு சப்பாத்துகள், வேலைக்குப் போட்ட பூட்ஸ், வீட்டுச் செருப்பு. சிலவற்றில் பெயர் எழுதிய துண்டுகள். சில சோடிகள் பல நூறாகிப் பின் ஆயிரங்களாகின. 2018 ஓகஸ்டில் ஜோர்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வை ஏற்று அரசாங்கம் தன் எண்ணிக்கையை 2,975 ஆக மாற்றியது.

எண்ணிக்கை ஒன்றுக்காக ஏன் இவ்வளவு போராட வேண்டும் என்பதை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தேவாலயப் படிகளில்

2019ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் திகதி, அதே புலனாய்வு இதழியல் மையம் 889 பக்கங்களைக் கொண்ட ஓர் உரையாடல் பதிவை வெளியிட்டது. ஆளுநர் ரிக்கார்டோ ரொசேயோவும் அவரது நெருங்கிய வட்டத்தினரும் டெலிகிராம் செயலியில் பேசிக்கொண்டவை. பெண்களையும் ஒருபாலீர்ப்பினரையும் அவர்கள் இழிவாகப் பேசியிருந்தார்கள். சூறாவளியில் இறந்தவர்களின் உடல்கள் பற்றியும் அதில் பகடி இருந்தது.

இந்த ஆளுநர், 1993இல் தொடர்மாடிகளுக்குள் படையை அனுப்பிய பெட்ரோ ரொசேயோவின் மகன்.

மக்கள் தெருவுக்கு வந்தார்கள். இரவு எட்டு மணிக்குச் சட்டிகளையும் பானைகளையும் தட்டினார்கள். ஜூலை 22இல் இலட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலையை நிறைத்தார்கள். பேட் பன்னி என்ற இளம் பாடகர் தனது ஐரோப்பியப் பயணத்தை இடைநிறுத்திவிட்டுத் தீவுக்குத் திரும்பினார். வேகா பாஹா என்ற ஊரில் வளர்ந்து, சுப்பர்மார்க்கெற்றில் பொருட்களைப் பைகளில் அடுக்கும் வேலை செய்துகொண்டே பாடல்களை வெளியிட்டவர் அவர். ரெசிடென்டே, ஐலே ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய எதிர்ப்புப் பாடல் ஜூலை 17இல் வெளியானது.

ஜூலை 24 இரவு, ஆளுநர் மாளிகைக்கு அருகே, சான் ஹுவான் பேராலயத்தின் படிகளில் இளைஞர்கள் கூடினார்கள். அவர்களில் பலர் பெண்களும் பால்புதுமையினரும். அங்கே அவர்கள் பெர்ரேயோ ஆடினார்கள். எந்த நடனத்தைச் செனட் சபை இழிவென்று விசாரித்ததோ, அதே நடனம். 'போராடும் பெர்ரேயோ' என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். அன்று நள்ளிரவை அண்மித்த வேளையில் ஆளுநர் தனது பதவி விலகலை அறிவித்தார்.

பாட்டும் ஆட்டமும் மட்டும் அவரை வீழ்த்தவில்லை. ஆவணங்களை வெளியிட்ட ஊடகவியலாளர்கள், ஆண்டுக்கணக்கில் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக நின்ற பெண்ணிய அமைப்புகள், தொழிற்சங்கங்கள் என்று பலரின் உழைப்பு அதில் இருந்தது. கோபத்தோடு வந்தவர்களைப் பன்னிரண்டு நாட்கள் கலையாமல் வைத்திருந்ததில் அந்த இசைக்கும் பங்குண்டு. அங்கே ஆடியவர்கள் இறந்தவர்களை மறந்து ஆடவில்லை. அவர்களைப் பகடி செய்தவரை வெளியேற்றுவதற்காகவே ஆடினார்கள்.

யாருடைய இசை?

இந்த இசையின் இரசிகர்கள் யார் என்று கேட்டால் ஒற்றை விடை இல்லை. தீவில் இன்று சுமார் 32 இலட்சம் பேர் வாழ்கிறார்கள். புவேர்ட்டோ ரிக்க வம்சாவளியினர் 55 இலட்சத்துக்கும் அதிகமானோர் அமெரிக்க நிலப்பரப்பில் இருக்கிறார்கள். மரியாவுக்குப் பிந்திய ஓராண்டில் மட்டும் தீவின் சனத்தொகை ஏறத்தாழ ஒரு இலட்சத்து 30 ஆயிரத்தால் குறைந்தது. புரூக்ளினில் பிறந்து ஸ்பானிய மொழியைத் தடுமாறிப் பேசும் மூன்றாம் தலைமுறைக்கும், தீவில் வாழும் அதன் ஒன்றுவிட்ட சகோதரருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்த பாடல்கள் ரெகேற்றோன் பாடல்கள்தாம்.

கொலம்பியாவின் மெடலின் நகரம் இந்த இசையின் இன்னொரு தலைநகரமாயிற்று. ஜே பால்வின், மலூமா, கரோல் ஜி எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள். 1990களில் போதைப்பொருள் யுத்தத்தின் பெயராக உலகம் அறிந்திருந்த அந்த நகரம், இப்போது பாட்டுக்காகவும் அறியப்படுகிறது. 2023இல் கரோல் ஜியின் இசைத்தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பெற்றது. பெண் ஒருவர் முழுவதும் ஸ்பானிய மொழியில் பாடிய இசைத்தொகுப்புக்கு அது முதல் தடவை.

ஆண்களின் கோட்டையாக இருந்த காலத்திலேயே ஐவி குயீன் உள்ளே நுழைந்தார். 'நான் உன்னோடு ஆடுகிறேன் என்பதற்காக உன்னோடு படுக்க வருவேன் என்று நினைக்காதே' என்பதே அவரது புகழ்பெற்ற பாடலின் சாரம். ஆடுவது தன் விருப்பம், உடல் தன் உரிமை என்று அந்தப் பாடல் பிரித்துச் சொன்னது.

ஷபா ராங்ஸின் மூலப் பாடல் அடக்குமுறைக்குப் பணிவதைக் கண்டித்த அதே வேகத்தில் ஒருபாலீர்ப்பினரையும் வசைபாடியது. அந்தத் தாளத்துக்குத்தான் இன்று பால்புதுமையினர் ஆடுகிறார்கள். 2016 ஜூன் 12ஆம் திகதி ஓர்லாண்டோவின் பல்ஸ் இரவு விடுதியில் 'லத்தீன் இரவு' நடந்துகொண்டிருந்தபோது துப்பாக்கிதாரி ஒருவன் 49 பேரைக் கொன்றான். கிட்டத்தட்டப் பாதிப்பேர் புவேர்ட்டோ ரிக்கர்கள். 2020 பெப்ரவரியில் பேட் பன்னி அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பாவாடை அணிந்து தோன்றினார். தீவில் கொலைசெய்யப்பட்ட திருநங்கை அலெக்சாவின் பெயர் அவரது மேலாடையில் இருந்தது. அவரை ஆண் என்று குறிப்பிட்டு வெளிவந்த செய்திகளை மறுக்கும் வாசகம் அது.

இந்த இசையை நான் புனிதப்படுத்த விரும்பவில்லை. பெண்களை நுகர்பொருளாக்கும் பாடல்கள் இதில் ஏராளம். 2024 நவம்பரில் கரோல் ஜி உள்ளிட்ட கொலம்பியக் கலைஞர்கள் வெளியிட்ட பாடலொன்று 14 வயதுச் சிறுமியைப் பாலியல் பொருளாகக் காட்டுவதாகக் கொலம்பியாவில் கடும் எதிர்ப்பு எழுந்து, வரி மாற்றப்பட்டது. கறுப்பினத்தவர் உருவாக்கிய இசையில் பணமும் புகழும் வெளிர்நிறக் கலைஞர்களிடம் குவிகின்றன என்ற குற்றச்சாட்டும் நியாயமானது. டேகோ கால்டெரோன் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் அதை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். எனினும், இந்த விமர்சனங்களை உரத்துச் சொல்பவர்களில் பலர் இந்த இசையின் இரசிகர்களே. தமது இசையோடு சண்டை பிடிக்கும் உரிமையை அவர்கள் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அந்தச் சண்டையும் ஓர் உறவுதான்.

இன்னும் படங்கள் எடுத்திருக்க வேண்டும்

2025 ஜனவரி 5ஆம் திகதி பேட் பன்னி வெளியிட்ட இசைத்தொகுப்பின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'இன்னும் நிறையப் படங்கள் எடுத்திருக்க வேண்டும்'. ரெகேற்றோனோடு பிளேனா என்ற தெருவோர மேள இசையையும், சல்சாவையும், மலைநாட்டு உழவரின் பாட்டையும் அதில் சேர்த்திருந்தார். தீவின் இசைப்பாடசாலை மாணவர்கள் அதில் வாசித்தார்கள். பாடல்களுடன் யூரியூப்பில் வெளியான காணொளிகளில் நடனம் இல்லை; வரலாற்றாசிரியர் ஹொரெல் மெலெண்டெஸ் பதியோ எழுதிய தீவின் வரலாறு பக்கம் பக்கமாக வந்தது. கொடிக்காகக் கொல்லப்பட்டவர்களையும் ஒரு பாடல் நினைவுகூர்ந்தது.

அந்தத் தொகுப்பின் பயம் நிலம் பற்றியது. வெளியிலிருந்து வந்து குடியேறும் செல்வந்தர்களுக்கு 2012 முதல் தீவில் பெரும் வரிச்சலுகை உண்டு. வீட்டு விலையும் வாடகையும் ஏறி, பிறந்தவர்கள் வெளியேறுகிறார்கள். தொகுப்போடு வெளியான குறும்படத்தில் முதியவர் ஒருவர் தனது ஊரில் நடந்துபோகிறார். தேநீர்க்கடையில் அவரது மொழி எடுபடவில்லை. துப்பாக்கி இல்லாத இடப்பெயர்வு அது.

அந்தத் தலைப்புப் பாடல் வெளிவந்த சில நாட்களில், உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் தாம் இழந்தவர்களின் படங்களை அதனுடன் இணைத்துப் பகிர்ந்தார்கள். இறந்த பாட்டி, விட்டுவந்த வீடு, பிரிந்த நண்பர். அழிக்கப்படுவதற்கு முந்திய காஸாவின் தெருக்களும் அந்தப் பாடலோடு பகிரப்பட்டன. எங்கள் வீட்டில் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்கு முந்திய ஒரு புகைப்படமும் இல்லை. ஆகவே, அந்தத் தலைப்பை விளங்கிக்கொள்ள எனக்கு ஸ்பானிய மொழி தேவைப்படவில்லை.

அதே ஆண்டு ஜூலை முதல் செப்டெம்பர் வரை அவர் சான் ஹுவானில் 30 நிகழ்ச்சிகளை நடத்தினார். 'இங்கிருந்து போக எனக்கு விருப்பமில்லை' என்பது அந்தத் தொடரின் பெயர். முதல் ஒன்பது நிகழ்ச்சிகள் தீவில் வசிப்பவர்களுக்கு மட்டும். பின்னையவற்றுக்குப் புலம்பெயர்ந்தவர்கள் குடும்பம் குடும்பமாக ஊருக்கு வந்தார்கள். அமெரிக்க நிலப்பரப்பில் அவர் நிகழ்ச்சி வைக்கவில்லை. அரங்குகளுக்கு வெளியே குடிவரவு அதிகாரிகள் காத்திருந்து தனது இரசிகர்களைப் பிடிக்கக்கூடும் என்ற அச்சத்தையும் ஒரு காரணமாகச் சொன்னார்.

இவற்றால் தீவின் நிலைமை தலைகீழாகிவிடவில்லை. மின்சாரம் இன்னும் நின்று நின்றுதான் வருகிறது. தீவின் வரவு செலவைக் கட்டுப்படுத்தும், அமெரிக்கக் காங்கிரஸின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சபை இன்னும் இருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் வாக்கும் இல்லை. இசையிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது என்பதையும் இந்தத் தீவு எமக்குக் காட்டுகிறது.

முப்பது நிகழ்ச்சிகளும் முடிந்த பின்னர், இன்னொன்று அறிவிக்கப்பட்டது. அதுவும் தீவில் வசிப்பவர்களுக்கு மட்டும். வெளியில் இருப்பவர்கள் இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம். அதற்கான நாள் 2025 செப்டெம்பர் 20. மரியா சூறாவளியின் எட்டாம் ஆண்டு நினைவுநாள். அன்று அந்த அரங்கில் இருந்தவர்களில் சூறாவளியை அனுபவிக்காத குடும்பம் அரிதாகவே இருந்திருக்கும். அவர்கள் அந்த நாளை ஆடிக் கழித்தார்கள். அதை மறதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.